கல்வெட்டில் ஒரு ராஜினாமா

2025 ஜூலை 24, வியாழக்கிழமை, காலை 9.40. சிராங்கூன் சாலையிலிருந்து இரண்டு சந்து தள்ளியிருக்கும் ஒரு கடைவீட்டின் இரண்டாம் மாடியில், திவ்யதர்ஷினி என்ற எழுத்தரின் வேலை அனுமதியை ரத்து செய்யும் விண்ணப்பம் கணினித் திரையில் நிரப்பி வைக்கப்பட்டிருந்தது. கடைசிப் பொத்தானை அழுத்துவது மட்டும் பாக்கி. அதை மாலை ஐந்து மணிக்கு அழுத்தப்போவதாக அவளுடைய முதலாளி ஹனீபா அறிவித்திருந்தார்.

அதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஆஸ்மாவின் துப்பறியும் அலுவலகம். காப்புறுதி நிறுவனத்தில் பதினெட்டு வருடம் பொய் விபத்துகளைப் பிரித்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தவள். உதவியாளன் ரஞ்சனுக்கு வேலை, அவள் யோசிக்கும்போது பேசிக்கொண்டிருப்பது. அவள் பேசும்போதும் அவன் பேசுவான், அது தனி.

திவ்யதர்ஷினி படியேறி வந்து, கைப்பேசியை மேசைமேல் வைத்தாள்.

"மேடம், நான் வேலையை விட்டுட்டேனாம். எனக்கே தெரியாது."

"யார் சொன்னாங்க?" ஆஸ்மா கேட்டாள்.

"கல்வெட்டு சொல்லுதாம்."

ரஞ்சன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "எந்தக் கோயில்ல?"

கோயில் இல்லை. கல்வெட்டு என்பது ஒரு மின்னஞ்சல் சேவை. ஆறு வாரத்துக்கு முன் ஹனீபா தம் உணவு விநியோக நிறுவனத்தின் அஞ்சலை எல்லாம் அதற்கு மாற்றியிருந்தார். பிளாக்செயினில் ஓடுவது. ஒரு தடவை எழுதினால் யாராலும் திருத்த முடியாது, யாராலும் அழிக்க முடியாது, யாருக்கும் சொந்தமில்லை. ‘எழுதினால் எழுதியதுதான்’ என்பது அதன் விளம்பர வாசகம். திங்கள் மாலை 6.12-க்கு அதன் வழியாக ஹனீபாவுக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. அனுப்பியவர்: திவ்யதர்ஷினி. ஹனீபா அதைப் படமெடுத்து அவளுக்கே அனுப்பி, ‘நன்றி கெட்ட உலகம்’ என்று கீழே எழுதியிருந்தார்.

ஆஸ்மா படித்தாள்.

‘பாய், இன்றோடு விலகிக்கொள்கிறேன். பசியாறக்கூட நேரமில்லாமல் தினமும் இங்கே ஓடி வந்தேன். மனிதர்கள் சொல்வதைக் கேட்க உங்களுக்கு நேரமில்லை. இனிமேல் கல்லோடு பேசிக்கொள்ளுங்கள்.’

அடியில் பெயர் இல்லை.

"பேர் போடல?"

"போட வேண்டாம்னு சொல்லிட்டாங்க மேடம். சாவியே கையெழுத்தாம். ஆளாளுக்கு ஒரு சாவி."

"சாவின்னா?"

"பன்னிரண்டு தமிழ்ச் சொல். நாமளே வெச்சுக்கலாம். வரிசை மாறக்கூடாது, மறக்கக்கூடாது, எங்கயும் எழுதி வைக்கக்கூடாது. மறந்துட்டா அவ்வளவுதான், கடவுளே வந்தாலும் திறக்க முடியாதாம்."

"கடவுளுக்கு ஓடிபி போகாது லா," என்றான் ரஞ்சன்.

"உன் பன்னிரண்டு சொல் வேற யாருக்காவது தெரியுமா?"

"சத்தியமா யாருகிட்டயும் சொல்லல. உங்ககிட்டயும் சொல்ல மாட்டேன். சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

வேலை போகும் நேரத்திலும் விதியை மீறாத பெண். ஆஸ்மாவுக்குப் பிடித்துவிட்டது.

"நீ எந்த ஊர்?"

"முசிறி மேடம். திருச்சி பக்கம். இங்க வந்து மூணு வருஷம்."

"காலைல சாப்பிடறதை என்னன்னு சொல்வே?"

"டிபன்."

"பசியாறறதுன்னா?"

"இங்கதான் கேட்டிருக்கேன். நான் அப்படிச் சொல்ல மாட்டேன், வாயில வராது. ஹனீபா சாரை பாய்னும் கூப்பிட மாட்டேன். எப்பவும் சார்தான்."

"எங்க தங்கியிருக்கே?"

"எதிர்க் கடைக்கு மேல."

"அங்கேர்ந்து இங்க எதுக்கு ஓடி வரணும்? உருண்டாலே வந்து சேர்ந்துடலாம்," என்றான் ரஞ்சன்.

திவ்யதர்ஷினி சிரிக்கவில்லை. "மேடம், அஞ்சு மணிக்கு அழுத்திட்டாருன்னா மூணு வருஷத்தை ஒரு பெட்டியில அடைச்சுக்கிட்டு ஊருக்குப் போகணும். வேலையை நானே விட்டேன்னா வீட்டுல நம்புவாங்க. விடாமலே விட்டேன்னா யாரு நம்புவா?"

*

ஹனீபாவின் அலுவலகத்தில் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது. ஆடி மாதம், கல்யாண ஆர்டர் குறைவு. சுவரில் மளிகைக் கடை கொடுத்த நாள்காட்டி. அதன் பக்கத்தில் கல்வெட்டு சுவரொட்டி: ‘கையெழுத்து வேண்டாம். சாவியே சாட்சி.’

ரஞ்சன் நாள்காட்டியைக் காட்டினான். அதில் ‘ஆடி 5, திங்கள்’ என்று இருந்தது. "ஆஸ்மா கா, நம்ம மாடியில வியாழன். இங்க இன்னும் திங்கள். ஒரு மாடி இறங்கினா மூணு நாள் மிச்சம்."

ஹனீபாவுக்கு அறுபது வயது. சிராங்கூன் சாலைச் சமையலறையில் தொடங்கி, இன்று தீவு முழுக்க விருந்து அனுப்புகிறவர். அடுப்பைப் பார்த்தே சோற்றின் பதம் சொல்லுவார். கணினியைப் பார்த்து எதுவும் சொல்லத் தெரியாது என்பதால், அதைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் நம்புவார்.

"ஆஸ்மா, நீ நம்ம புள்ள. அதனால சொல்றேன். இதுல தலையிடாதே. மனுசன் பொய் சொல்லுவான். அது சொல்லாது."

"கடுதாசியில பசியாறன்னு இருக்கு நானா. அந்தப் பொண்ணு அப்படிப் பேசற ஊர் இல்ல." அண்ணன் முறையில் ஆஸ்மா அவரை நானா என்றுதான் கூப்பிடுவாள்.

"மூணு வருஷமா இங்க இருக்கு. பேச்சு ஒட்டாதா? எங்க வீட்டுல வேலை செய்யற இந்தோனேசியப் புள்ளகூட பசியாறிட்டீங்களான்னு கேக்குது."

பதில் நியாயமானது. ஆஸ்மா அதை ஒப்புக்கொண்டாள். "கேட்டுப் பார்த்தீங்களா அவளை?"

"கேட்டேன். நான் எழுதலங்குது. அதுதான் எனக்குக் கோவம். எழுதினேன் சார், கோவத்துல எழுதிட்டேன்னு சொல்லியிருந்தா மன்னிச்சிருப்பேன். கல்லோட பேசிக்கோன்னு எழுதிட்டு, இல்லைன்னு கண்ணைப் பார்த்துச் சொல்லுது. பொய் சொல்ற ஆளை வெச்சுக்கிட்டு நான் எப்படித் தொழில் பண்றது?"

"வேற யாராவது அனுப்பியிருந்தா?"

"முடியாது. ரித்திக் தம்பி சொல்லியிருக்கான், உலகத்துல எவனாலயும் முடியாதுன்னு. இந்த வட்டாரத்துலயே பிளாக்செயின்ல மெயில் வெச்சிருக்கற முதல் கேட்டரிங் நாமதான். போன மாசம் வணிகர் கூட்டத்துல எந்திரிச்சு நின்னு பேசினேன், தெரியுமா?"

"தெரியும் நானா. வீடியோ எனக்கே நாலு தடவை வந்துச்சு."

வெளியே வரும்போது, திவ்யதர்ஷினி தன் மேசையிலிருந்து மெதுவாக ஒன்று சொன்னாள். அது உதவுமா என்று அவளுக்குத் தெரியவில்லை. "மேடம், இதுல எனக்கு வர்ற மெயில் எல்லாம் மத்தவங்களுக்கும் வரும். அவங்களுக்கு வர்றது எனக்கும். பிளாக்செயின்னா அப்படித்தானாம். வெளிப்படைத்தன்மை."

"நீங்க அனுப்பறது?"

"அனுப்பினது எங்கயும் தெரியாது. அந்தப் பெட்டி இன்னும் வரலையாம். மத்தவங்க யாரும் இதுல அனுப்பறதே இல்ல, எல்லாரும் வாட்ஸ்அப்தான். சப்ளையருக்கு நான் மட்டும் போடுவேன்."

ஆஸ்மா படியில் நின்றாள். "கிளமெண்டி போகலாம்," என்றாள்.

*

கல்வெட்டின் தலைமையகம் கிளமெண்டியில் ஒரு தொழிற்கூடக் கட்டடத்தின் ஆறாம் மாடியில் இருந்தது. தலைமையகம் என்ற சொல்லை ரித்திக் ஏற்கவில்லை.

"எங்களுக்குத் தலைமையே கிடையாது. டீசென்ட்ரலைஸ்ட். உலகத்துல பதினேழு இடத்துல எங்க நோடுங்க, அதாவது எங்க கம்ப்யூட்டருங்க, ஓடுது. ஒண்ணு விழுந்தாலும் மத்தது நிக்கும்."

அவன் பின்னால் ஓர் இரும்பு அலமாரி. அதில் பதினான்கு சிறு கணினிகள். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு: பிராங்க்பர்ட், டொராண்டோ, நைரோபி, ஒசாகா. பதினான்கும் ஒரே நீட்டிப்புக் கம்பியில் சேர்ந்து, சுவரில் ஒரே துளையில் முடிந்தன.

ரஞ்சன் தன் கைப்பேசியை எடுத்தான். "சார்ஜ் போயிடுச்சு. பிராங்க்பர்ட்டைக் கழட்டிட்டு இதைப் போட்டுக்கவா?"

"தொடாதீங்க! அது டெம்பரரி. ஃபேஸ் டூ-ல, அடுத்த கட்டத்துல, அனுப்பிடுவோம்."

"மிச்சம் மூணு?"

"அம்மா வீட்டுல."

"அப்ப உங்க அம்மா வீட்டுக்குப் போகவே மூணு பாஸ்போர்ட் வேணும்."

ஆஸ்மா நாற்காலியை இழுத்துப் போட்டாள். "ரித்திக், மெயிலுக்கு என்ன நோய் வந்துச்சு, நீங்க இந்த வைத்தியம் பண்றதுக்கு?"

அவன் இந்தக் கேள்விக்குத் தயாராக இருந்தான். "இப்ப உங்க மெயில் எல்லாம் யாரோ ஒரு பெரிய கம்பெனி கையில. நாளைக்கு அவன் உங்க அக்கவுண்ட்டை மூடிட்டா? படிச்சுட்டா? யாருகிட்ட போய் நிப்பீங்க?"

"நல்ல கேள்வி," என்றாள் ஆஸ்மா. மனமாரத்தான் சொன்னாள். "சரி, உங்க மெயில்ல தப்பு நடந்தா யாருகிட்ட போய் நிக்கறது?"

"தப்பு நடக்காது."

"நடந்தா?"

"யாருகிட்டயும் போக முடியாது. அதுதான் ஃபீச்சரே."

"திங்கள்கிழமை 6.12-க்கு ஹனீபாவுக்கு ஒரு கடுதாசி போயிருக்கு. எந்த மெஷின்லேர்ந்து?"

"அதெல்லாம் பதிவு பண்ண மாட்டோம். பிரைவசி."

"யார் அனுப்பினது?"

"சாவி வெச்சிருக்கறவங்க."

"சாவி யாருகிட்ட இருக்கு?"

"அனுப்பினவங்ககிட்ட."

"சுத்திச் சுத்தி சுப்பர் கொல்லை," என்றான் ரஞ்சன். "சரி, வேண்டாத மெயிலை அழிக்கலாமா?"

"இல்ல. பெர்மனென்ட்."

"அப்ப வழுக்கைக்குத் தைலம் விக்கறவன் அனுப்பினதும் சாகாவரம் வாங்கிடுச்சு. ராஜராஜனுக்கு அப்புறம் அவன்தான்."

ஆஸ்மா அவனைப் பார்வையால் நிறுத்தினாள். "அந்தப் பன்னிரண்டு சொல். மத்த இடத்துல கம்ப்யூட்டரே பொறுக்கிக் குடுக்கும்னு கேள்விப்பட்டேன்."

"யெஸ், பட் அது யூஸர்-ஃபிரெண்ட்லி இல்ல. எலி, ஏணி, மேகம்னு கண்டபடி வரும். பெரியவங்களுக்கு ஞாபகம் இருக்கல. அதனால தமிழ்ல நீங்களே சூஸ் பண்ணலாம்னு மாத்தினோம். எங்க இன்னோவேஷன் அது." முதல் தடவையாக அவன் முகத்தில் உண்மையான பெருமை தெரிந்தது.

"கடுதாசியில அனுப்பினவர் பேர் எங்கேர்ந்து வருது?"

"சொல்லுலேர்ந்து சாவி வரும். அந்தச் சாவியில முதல்ல ரெஜிஸ்டர் பண்ணின பேர் வரும்."

"ஹனீபா கம்பெனியைப் பார்க்கலாமா?"

"தாராளமா. யார் வேணாலும் பார்க்கலாம், பப்ளிக் செயின்." திரையைத் திருப்பினான். "ஒன்பது பேர் ரெஜிஸ்டர் பண்ணியிருக்காங்க. சாவி மூணு."

"ஒன்பது பேருக்கு மூணு சாவியா?"

"மத்த ஆறு பேர் ஒழுங்கா செட்டப் பண்ணல போல. யூஸர் எஜுகேஷன் பிரச்சினை. எங்க பக்கம் ஒண்ணும் இல்ல."

ஆஸ்மா அந்தத் திரையை இரண்டு நிமிடம் பார்த்தாள். பிறகு அதை அச்சடித்துத் தரச் சொன்னாள். கல்வெட்டிடம் அச்சுப்பொறி இல்லை. ரஞ்சன் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டான்.

ரயிலில் புகிஸ் வரும்வரை அவள் பேசவில்லை. ரஞ்சனால் அவ்வளவு தூரம் தாங்க முடியாது.

"கா, என்ன யோசனை?"

"பன்னிரண்டு. வரிசை மாறக்கூடாது. எழுதி வைக்கவும் கூடாது, மறக்கவும் கூடாது. உன்கிட்ட கேட்டா எந்தப் பன்னிரண்டு சொல் சொல்லுவே?"

ரஞ்சன் வாயைத் திறந்தான். திறந்தபடி ஒரு நிறுத்தம் போனது.

"அலாமாக்," என்றான், ‘அடக் கடவுளே’ என்பதற்கு.

*

மணி 4.05. ஹனீபாவின் அலுவலகத்தில் எட்டுப் பேர். ஆஸ்மா ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுத்திருந்தாள்.

"உங்க பன்னிரண்டு சொல்லையும் எழுதி மடிச்சுக் குடுங்க."

அறையில் முணுமுணுப்பு. ஹனீபா கையை உயர்த்தினார். "அதைச் சொல்லக்கூடாதும்மா. அதுல மானமே இருக்கு."

"நானா, அஞ்சு மணிக்கு ஒரு பொண்ணு வாழ்க்கையை அழுத்தப் போறீங்க. சொல்லை நாளைக்கு மாத்திக்கலாம்."

"மாத்த முடியாது. அதுவும் பெர்மனென்ட்," என்றார் ஹனீபா. ஆனாலும் எழுதினார்.

ஆஸ்மா முதல் தாளைப் பிரித்துச் சத்தமாகப் படித்தாள். "சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி..."

திவ்யதர்ஷினி திடுக்கிட்டு எழுந்தாள். "மேடம், என்னுதை ஏன் எல்லார் முன்னாலயும் படிக்கறீங்க?"

"இது உன்னோடது இல்ல. அன்னம்மாவோடது."

சமையற்கட்டுக் கண்காணிப்பாளர் அன்னம்மா, சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்.

இரண்டாவது தாள்: சித்திரை, வைகாசி. மூன்றாவது: சித்திரை, வைகாசி. ஆறு தாள்கள் அச்சடித்ததுபோல் இருந்தன. உலகில் எவராலும் உடைக்க முடியாத பூட்டின் சாவி, லிட்டில் இந்தியாவின் எல்லாச் சுவர்களிலும் மளிகைக் கடை விளம்பரத்தோடு தொங்கிக்கொண்டிருந்தது.

ஏழாவது தாள் ஓட்டுநர் நெய்னா முகம்மதுவுடையது. அதுவும் சித்திரையில்தான் தொடங்கியது. ஆனால் ஆவணிக்கு மூன்று சுழி போட வேண்டிய இடத்தில் இரண்டு சுழி போட்டு ‘ஆவனி’ என்று எழுதியிருந்தார்.

"வாழ்த்துகள் அண்ணே," என்றான் ரஞ்சன். "இந்த ஆபீஸ்ல உருப்படியான பூட்டு உங்க எழுத்துப்பிழை ஒண்ணுதான். உங்களுக்கு மட்டும் தனிச் சாவி."

ஹனீபா நாற்காலியில் நிமிர்ந்தார். "எல்லாம் முட்டாளுங்க. நான் அப்படி வைக்கல. என்னுதை எவனும் கண்டுபிடிக்க முடியாது."

ஆஸ்மா எட்டாவது தாளைப் பிரிக்கவில்லை. "முஹர்ரம், ஸபர், ரபீயுல் அவ்வல், ரபீயுல் ஆகிர்..."

இஸ்லாமிய மாதங்கள் பன்னிரண்டும் முடிவதற்குள் ஹனீபா மெல்லச் சாய்ந்துகொண்டார்.

"மூணு சாவி," என்றாள் ஆஸ்மா. "உங்களுது ஒண்ணு, நெய்னா முகம்மதுவோடது ஒண்ணு. மத்த எல்லாரும் ஒரே சொல் வெச்சதால ஒரே சாவி. அந்தக் கல்லுக்கு அவங்க எல்லாரும் ஒரே ஆளு. முதல்ல பதிவு பண்ணினது திவ்யா. அதனால யார் எழுதினாலும் அவ பேர்லதான் வரும். எல்லாருக்கும் எல்லா மெயிலும் வந்ததே, அது வெளிப்படைத்தன்மை இல்ல. ஒரே பெட்டி."

"அன்னம்மா அக்கா, பாய்க்கு ஒரு மெயில் போடுங்க," என்றான் ரஞ்சன்.

அன்னம்மா தன் கைப்பேசியில் ஒரு விரலால் தட்டினார். அரை நிமிடத்தில் ஹனீபாவின் பேசி அதிர்ந்தது. அவர் கண்ணாடியை ஏற்றி வாசித்தார். ‘வெங்காயம் முடிஞ்சிடுச்சு பாய்.’ மேலே பார்த்தார். அனுப்பியவர்: திவ்யதர்ஷினி. மறுபடி பார்த்தார். பெயர் மாறவில்லை, மாறக்கூடிய சாதனமும் அல்ல அது.

திவ்யதர்ஷினி உட்கார்ந்து, மேசைமேல் தலையை வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அன்னம்மா அவள் முதுகில் கை வைத்தார்.

"சரி," என்றார் ஹனீபா. "அப்ப அதை எழுதினது யாரு? இந்த ரூம்ல இருக்கற யாரோ ஒரு ஆளு என்னைக் கல்லோட பேசச் சொல்லியிருக்கு."

"ரூம்ல இல்ல நானா. பதிவு பண்ணினது ஒன்பது பேர். தாள் எட்டு."

"கமலாவா?" ஹனீபா சிரித்தேவிட்டார். "கமலா எம்.சி.ல, மெடிக்கல் லீவுல இருக்கும்மா. மூணு நாளா."

"அவங்க சொன்னாங்களா?"

"சொல்லணுமா? இருபத்திரண்டு வருஷம் ஆபீஸைப் பார்த்துக்கறா. ஒரு நாள் லீவு எடுத்ததில்ல. வரலைன்னா உடம்பு முடியலைன்னு அர்த்தம். பாவம், ரெஸ்ட் எடுக்கட்டும்னு போன்கூடப் பண்ணல."

ஆஸ்மா நாள்காட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். ஆடி 5, திங்கள்.

"தினமும் காலைல இதை யார் கிழிப்பாங்க?"

பதில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"அவங்க வீடு எங்க?"

"உட்லண்ட்ஸ்," என்றார் அன்னம்மா. "ஏழு மணிக்கு இங்க இருக்கணும்னு விடியறதுக்கு முன்னாடியே கிளம்பிடுவா. பசியாறாமதான் வருவா."

மணி 4.31. ஹனீபா கமலாவை அழைத்து, பேசியை மேசைமேல் வைத்தார். முதல் மணியிலேயே எடுக்கப்பட்டது.

"சொல்லுங்க பாய்." குரலில் காய்ச்சல் இல்லை.

"கமலா... நீயா எழுதினே?"

"பின்ன யாரு எழுதுவா? ஆபீஸ் விஷயம் எல்லாம் கல்வெட்டுலதான் எழுதணும், பேர் போடக்கூடாதுன்னு நீங்கதானே ஆர்டர் போட்டீங்க. அந்த மெயில் சரியில்ல, எல்லாருக்கும் எல்லாம் வருதுன்னு மூணு தடவை வந்து சொன்னேன். உனக்கு டெக்னாலஜி புரியாதுன்னு எல்லார் முன்னாலயும் சொன்னீங்க. சரி, புரியாதவ போயிடறேன்னு எழுதினேன்."

"எனக்கு அது..."

"மூணு நாளா போனைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன் பாய். ஏன் போறேன்னு ஒரு வார்த்தை கேப்பீங்கன்னு. கேக்கல. சரி, இவ்வளவுதான் நம்ம மதிப்புன்னு நேத்து வேற இடம் பார்த்துட்டேன்."

ஹனீபா கண்ணாடியைக் கழற்றினார். "தப்பு நடந்துபோச்சும்மா. அது வேற பேர்ல வந்துச்சு. நாளைக்கு வந்துடு. அந்தக் கடுதாசியை விட்டுத் தள்ளு. அழிச்சுடலாம்."

மறுமுனையில் தொலைக்காட்சிச் சத்தம் குறைந்தது.

"எழுதினால் எழுதியதுதான்னு நீங்கதானே சுவத்துல ஒட்டி வெச்சீங்க, பாய்?"

அழைப்பு துண்டிக்கப்பட்டது.

ஐந்து மணிக்கு விண்ணப்பம் அனுப்பப்படவில்லை. 5.10-க்கு ஹனீபா அதைத் திரையிலிருந்து நீக்கினார். வெள்ளிக்கிழமை காலை நாள்காட்டியில் நான்கு தாள்கள் சேர்த்துக் கிழிக்கப்பட்டன, கிழித்தவர் திவ்யதர்ஷினி. திங்கள்கிழமை நிறுவனத்தின் அஞ்சல் பழைய சேவைக்கே திரும்பியது. ஆகஸ்ட் முதல் தேதி கமலா உட்லண்ட்ஸில், வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், வேறொரு வேலையில் சேர்ந்தார். கல்வெட்டின் பதிவுப்படி, வேலையை விட்டவர் இன்றும் திவ்யதர்ஷினிதான்.